ஒரே வாய், இரண்டு பேச்சு

அந்த நகரத்தின் மேயர் பேசியதாக மக்கள் நினைத்துக்கொண்டிருந்த பேச்சில் பாதிக்கு மேல் ஒரு பெண்மணி எழுதியது. அவள் மேடை ஏறியதில்லை. கட்சி அலுவலகத்தின் பின்பக்கம், முன்பு குளியலறையாக இருந்து, குழாய்களை அடைத்தபின் அறை என்று பதவி உயர்வு பெற்ற இடத்தில் அவளுடைய மேசை இருந்தது. சுவரில் தோள் உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருக்கும். மழை பெய்தால் அடைத்த குழாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். "கட்சியில மனசாட்சி முனகுற ஒரே இடம் இதுதான்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, வெளியே யார் காதிலாவது விழுந்ததோ என்று கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

டைப் அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். தட்டச்சு இயந்திரம் பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர ஆசைப்பட்டுப் பரீட்சையெல்லாம் தேறியவள். வேலைக்கு அழைப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று ஒரு தேர்தல் நேரத்தில் இங்கே தற்காலிகமாக வந்தாள். பிறகு அழைப்பும் வந்தது. அதற்குள் இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. அவள் செய்த முட்டாள்தனங்களிலேயே மூத்தது அதுதான் என்பான் அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் மேலே போவதையும் கீழே வருவதையும் தினமும் பார்ப்பதால் அவனுக்கு யார் மேலும் பெரிய மரியாதை கிடையாது.

வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த மேயர்தான்; கட்சிக்கு அவர் தலைவர். அன்றைக்குத் தலைவர் தலைவராக இருந்தார். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொல்வார்; அவள் அடிப்பாள். வரி சரியில்லை என்றால் தாளை உருவிக் கிழித்துப்போடுவார். "இதுல மூச்சு விட இடமே இல்லயேம்மா. பேசறவன் செத்துடுவான். கேக்கறவன் அவனுக்கு முன்னாடியே செத்துடுவான்" என்பார். குடிதண்ணீர் கேட்டுக் குடத்தோடு சண்டைக்கு வந்த கூட்டத்தின் நடுவில், ஒரு மர நாற்காலி மேல் ஏறி நின்று, மைக் இல்லாமல் பேசி அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியதை அவள் தன் கண்ணால் பார்த்தவள். பேசியதோடு நிற்காமல் சொன்ன தேதிக்குத் தண்ணீரும் கொண்டுவந்தார். அந்த ஒரு காரியத்தைக் கட்சி அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தலுக்குச் சுடவைத்துச் சுடவைத்துப் பரிமாறியது.

வயது யாரை விட்டது? முதலில் அவர் சொல்வதும் இவள் எழுதுவதுமாக இருந்தது. பிறகு அவர் இரண்டு வரி சொல்ல, மிச்சத்தை இவள் எழுதினாள். அப்புறம் அவர் "ஏதாவது எழுதும்மா" என்றார். கடைசியில் அதுவும் சொல்லவில்லை. தாளில் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு பக்கத்துக்கு முப்பது வரி நின்ற இடத்தில், இப்போது நான்கு வரி, தடி எழுத்தில், சுவர் விளம்பரம் மாதிரி. பக்கத்தைப் புரட்டிக் கொடுக்க அவளே அவர் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டியதாயிற்று.

தாளில் எது இருந்தாலும் தலைவர் படித்துவிடுவார். ஒருமுறை, "இந்த நகரம் யாருக்கும் தலைவணங்காது! கைதட்டலுக்கு நிறுத்தவும்!" என்று முழங்கினார். கூட்டமும் சட்டென்று கைதட்டியது. இன்னொரு நாள், திறந்து இரண்டு வருஷமான பாலத்தை மறுபடி திறந்துவைத்தார். அதன் மேல் நின்றிருந்த வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள்; வாழ்த்து என்று நினைத்துக் கையாட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிற்சங்கச் செயலாளருக்கு அஞ்சலி செலுத்தி அமைதி காக்கச் சொன்னதும் உண்டு. அந்த மனுஷன் தனக்கான மௌன அஞ்சலிக்குத் தானும் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாகிவிடும் அல்லவா!

ஒவ்வொரு தடவையும் கட்சி உடனடியாக நடவடிக்கை எடுத்தது: மைக்காரனை மாற்றியது. தலைவர் சரியாகத்தான் பேசினார், மைக் சரியில்லை. வரிசையாக மைக்காரர்கள் மாறினார்கள். அந்த ஊரில் ஒலிபெருக்கித் தொழிலையே விட்டுவிட்டுத் துணிக்கடை வைத்தவர்கள் உண்டு.

இந்தக் கூத்தையெல்லாம் கட்டி மேய்த்தவன் தலைவரின் மருமகன். தலைவர் "மாப்ள" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, மொத்தக் கட்சியும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. மணந்தது ஒருத்தியை, மாப்பிள்ளை ஆனது ஊருக்கே. தலைவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவனைப் பார்க்க வேண்டும். தலைவர் கையெழுத்து வேண்டுமென்றால் அவன் சிரிக்க வேண்டும். மாமனார் நாற்காலியில் இருக்கும்வரைதான் தன் பாட்டுக்குத் தாளம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அடுத்த தேர்தல் வந்தது. மேயர் பதவிக்கு மறுபடியும் தலைவரையே நிறுத்துவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று செயற்குழு கூடி முடிவெடுக்க வேண்டும். இதற்கு முன் அந்தக் குழு எதையும் முடிவெடுத்ததாகச் சரித்திரமில்லை. காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுக் கலைவதுதான் வழக்கம். இந்தத் தடவை வாசலுக்கு வாசல் குசுகுசுப்பு. படிக்கட்டில், வாகனம் நிறுத்துமிடத்தில், கழிப்பறையில் கை கழுவும்போது, எங்கே பார்த்தாலும் இரண்டு தலை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தலை வந்தால் இரண்டும், "மழை வரும்போல இருக்கே" என்றன.

முதலில் டைப் அக்காவின் அறைக்கு வந்தவர் பொருளாளர். கதவைச் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

"அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இனிமே முடியாது. அவரை வச்சுக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

"ஊரு ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிடுச்சுங்க."

"அதத்தான் சொல்றேன். செயற்குழுவில நான் எழுந்து பேசப் போறேன். வேற ஆளை நிறுத்தணும்னு. எவனாவது சொல்லித்தானே ஆகணும்? ஒரு பேச்சு எழுதிக் குடுங்க. மரியாதையாவும் இருக்கணும், வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாவும் இருக்கணும்."

"சரி, எழுதறேன்."

எழுந்தவர் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கூடவே இன்னொண்ணும் எழுதிடுங்களேன். அவரே தொடரணும்னு. காத்து எந்தப் பக்கம் அடிக்குமோ, யாரு கண்டா?"

அவர் போய்ச் சற்று நேரத்தில் பிரச்சாரச் செயலாளர் வந்தார். மேடையில் அவர் போடும் சத்தத்துக்காக அவருக்கு 'இடி' என்று பெயர். அன்றைக்கு இடி, எலி கீச்சிடுவதுபோலப் பேசியது. "டைப் அக்கா, நாட்டு நலன்னு ஒண்ணு இருக்கில்லையா" என்று ஆரம்பித்து, பொருளாளர் கேட்டதையே கேட்டார். வாசல் வரை போய்த் திரும்பி, பொருளாளர் கேட்ட அந்த இன்னொன்றையும் கேட்டார்.

துணை மேயர் அம்மாள் நேராக வரவில்லை. தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாள். வழுவழுப்பான சோபாவில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, "எனக்குப் பதவி ஆசையெல்லாம் இல்லக்கா. எல்லாரும் சேர்ந்து கேட்டா என்ன பண்றது? அந்த நேரத்துல தடுமாறக் கூடாதில்ல? முதல்ல மறுக்கற மாதிரி, அப்புறமும் மறுக்கற மாதிரி, கடைசியில கண் கலங்கி ஒத்துக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். கண் எந்த வரியில் கலங்க வேண்டும் என்பதைக்கூட அவளே யோசித்து வைத்திருந்தாள். ஒருவேளை தலைவரே தொடர்வதானால், அவரைத் தவிர வேறு நாதியில்லை என்று சொல்ல ஒன்றும் கேட்டாள்.

மாப்பிள்ளைக்குச் சந்தேகமே கிடையாது. தலைவர் வேட்பாளர் ஆனதும் படிக்க வேண்டிய ஏற்புரையைக் கேட்டான். "நானா கேட்டேன், நீங்கள் அல்லவா வற்புறுத்துகிறீர்கள்ங்கற மாதிரி தொடங்குங்க. பெரிய எழுத்தா போடுங்க."

அத்தனையையும் அவள் எழுதினாள். வேலை அதுதானே? ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே விரல்களால், தலைவர் போக வேண்டும் என்றும் இருக்க வேண்டும் என்றும் மாற்றி மாற்றி அடித்தாள். இரண்டுமே நன்றாகத்தான் வந்தன. அதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பிடிக்காமல் போனது.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"லிஃப்ட்ல எட்டுப் பேரு போகலாம்னு எழுதி வச்சிருப்போம். பன்னெண்டு பேரு ஏறுவான். மணி அடிக்கும், கதவு மூடாது. அப்ப என்ன செய்வான் தெரியுமா? எல்லாரும் பக்கத்துல நிக்கறவனைப் பார்ப்பான். ஒருத்தனும் இறங்க மாட்டான். கடைசியில எவனாவது ஏமாந்தவன், சீக்காளி, அவனே இறங்கிப் படியில நடப்பான். உங்க கட்சியில மணி அடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"அதான் இத்தனை பேரு சொல்லப் போறாங்களே."

"சொல்ல மாட்டான். சொல்றவன் உங்கிட்ட எழுதிக் கேக்க மாட்டான். சரி, நீ சொல்லேன். நேரா அவர்கிட்டயே சொல்லேன்."

"நானா? நான் யாரு சொல்றதுக்கு?"

"அவரு வாயில இருக்கறதே உன் வார்த்தை. வேற யாரு சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை பேருக்கு வாய் கொடுத்தவள், தன் வாயைப் பிஸ்கட்டுக்கும் காபிக்கும்தான் திறந்திருக்கிறாள்.

ஏற்புரையைப் படித்துப் பழக்குவதற்காக அவள் தலைவர் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை மாடியில் போனில் கத்திக்கொண்டிருந்தான். தலைவர் பின்னறையில், ஜன்னலோரம், மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளையை எடுத்து நாரை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"யாரும்மா? டைப்பா?"

"ஆமாங்கய்யா."

"இன்னைக்கு எந்தக் கூட்டம்?"

"கூட்டம் நாளைக்குங்கய்யா. உங்களை வேட்பாளரா அறிவிக்கறாங்க."

அவர் மிச்சப் பழத்தைத் துண்டில் வைத்தார். பிறகு, பழைய குரலில், நடந்துகொண்டே சொல்வாரே அந்தக் குரலில் பேசினார். "நேத்து ஒரு பொண்ணு எனக்குச் சாப்பாடு வச்சா. நல்ல பொண்ணு. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் என் பொண்ணுன்னு தெரிஞ்சுது. எனக்குப் போதும்மா. போறேன்னு சொல்லணும். சொல்லணும்னு நினைக்கறப்ப வார்த்தை வர மாட்டேங்குது. வார்த்தை வரப்ப நினைப்பு போயிடுது. நீ எழுதிக் கொண்டா. என் கையில குடு. இவன்கிட்டச் சொல்லாத" என்று மாடியைக் கண்ணால் காட்டினார்.

அவள் அவரிடம் எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சொல்ல வேண்டியதை அந்த மனிதரே சொல்லிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதை வெளியே சொல்லும் துணிவும் அவருக்குத்தான் இருக்கிறது. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். பிறகு எழுதினாள். பழையபடி, மூச்சு விட இடம் வைத்து எழுதினாள். இரண்டு தாள்தான் வந்தது.

செயற்குழு மாடிக் கூடத்தில் கூடியது. நீள மேசை, அதற்குப் பச்சைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறிகள். பொருளாளர் கோட்டின் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. இடி தன் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வலது எது இடது எது என்று மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில். துணை மேயர் அம்மாள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தலைவர் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்; அந்த ஒரு அசைவிலேயே பாதிப் பேருடைய வீரம் கீழே கொட்டிப்போயிற்று. மாப்பிள்ளை கீழே பத்திரிகைக்காரர்களுக்குக் காபி கொடுக்கும் ஏற்பாட்டில் இருந்தான்.

"யாராவது கருத்துச் சொல்ல விரும்பினால் சொல்லலாம்" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

பொருளாளர் இடியைப் பார்த்தார். இடி மின்விசிறியைப் பார்த்தார். துணை மேயர் அம்மாள் தன் நகத்தைப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கிறது, கதவு மூடவில்லை என்று டைப் அக்கா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த இரண்டு தாளைத் தலைவர் கையில் வைத்தாள். ஏற்புரைக் கோப்பு மேசைமேல் அப்படியே கிடந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"நான் இந்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் திறப்பு விழா. இப்போது எனக்கு முகங்கள் மறக்கின்றன. முகம் மறந்தவன் ஊரை ஆளக் கூடாது. இதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லாததால் நானே சொல்கிறேன். வேறு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் போதும்."

எங்கும் திக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

கூடம் அரண்டுபோனது. இவர்கள் எல்லோரும் விரும்பியது நடந்துவிட்டது. வாயைத் திறக்காமலே, கையில் அழுக்குப் படாமலே, பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. "சரிங்கய்யா" என்று ஒருவர் சொன்னால் போதும்.

பொருளாளர் மூளை அப்படி வேலை செய்யவில்லை. ஆழம் பார்க்கிறார் என்று எண்ணினார். கிழவர் சும்மா போகிறேன் என்று சொல்வாரா? யார் தலையாட்டுகிறான் என்று பார்க்கிறார்! நாளைக்கு ஒவ்வொருவனாக வெட்டுவார்! அந்த மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது பின்பக்கமாக விழுந்தது. "ஐயா! என்ன வார்த்தை சொல்லிட்டீங்க! எங்களை அநாதையாக்கிட்டுப் போறேங்கறீங்களே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பொருளாளர் முந்திக்கொண்டாரே என்று இடிக்கு வயிறு எரிந்தது. அவர் மேசைக்கு முன்னால் வந்து தரையில் மண்டியிட்டு, "நீங்க போறதா இருந்தா என் பிணத்தைத் தாண்டித்தான் போகணும்!" என்று முழங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துணை மேயர் அம்மாள் கண் கலங்கினாள். எழுதிக் கொடுத்த இடத்தில் கலங்க வேண்டிய கண், எழுதாத இடத்தில் இன்னும் நன்றாகக் கலங்கியது. "தண்ணீர் தந்த தெய்வமே!" என்று அவள் விம்ம, கூடம் முழுக்கக் கைதட்டியது. தன்னைப் பற்றித் தானே இப்படிச் சொல்லும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்? இந்தப் பெருந்தன்மைக்காகவே அவர்தான் வேட்பாளர்! ஒருமனதாக! ஒருமனதாக!

தலைவர் மலங்க மலங்கப் பார்த்தார். "எனக்குப் போதும்" என்றார், தாள் இல்லாமல். அதற்கும் கைதட்டினார்கள்.

அவள் எழுந்தாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "அவரு போறேங்கறாரு. அவரு வாயால சொல்றாரு. விட்டுடுங்களேன்."

கூடம் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமாக அவர்கள் அந்த ஸ்டூலைத்தான் பார்த்திருந்தார்கள். அதன்மேல் ஆள் இருப்பதை இப்போதுதான் கண்டார்கள்.

மண்டியிட்டிருந்த இடி அப்படியே திரும்பி, "யாரும்மா நீ? உனக்கு இங்க ஓட்டு இருக்கா?" என்றது.

"எனக்கு ஓட்டு இல்ல. உங்க யாருக்கும் வாய் இல்ல. யாரு யாரு பையில என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா?"

ஒரு கை கோட்டுக்கும் ஒரு கை சட்டைப் பைக்கும் ஒரு கை கைப்பைக்கும் ஒரே நேரத்தில் பறந்தது. அவள் சொல்லியே இருப்பாள். வாயும் திறந்துவிட்டாள். அதற்குள் மாப்பிள்ளை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்துவிட்டான். சூழ்நிலையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டான். அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். மேசைமேல் கிடந்த கோப்பைத் திறந்து, தலைவர் கையிலிருந்த தாளை மெதுவாக உருவிக்கொண்டு, ஏற்புரையை அந்த இடத்தில் வைத்தான்.

"அடுத்த பக்கம் மாமா" என்றான்.

தலைவர் தாளைப் பார்த்தார். பழக்க தோஷம். "நானா கேட்டேன்? நீங்கள் அல்லவா வற்புறுத்துகிறீர்கள்!" என்று படிக்கத் தொடங்கினார்.

தலைவர் பேசும்போது யாரும் பேசக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் சட்டம். திறந்த அவள் வாயும் தானாக மூடிக்கொண்டது. மூடிக்கொண்டதை நினைத்துத்தான் அவள் பின்னால் பல நாள் வெட்கப்பட்டாள். நின்ற இடத்தில் நின்று அவர் படிப்பதைக் கேட்டாள். அதுவும் அவள் எழுதியதுதான். போகிறேன் என்றதும் அவள், இருக்கிறேன் என்பதும் அவள். முதல் பக்கம் முடிந்ததும், புரட்டிக் கொடுக்க ஆளில்லாமல் தலைவர் நிறுத்தினார். மாப்பிள்ளை புரட்டினான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டு முழுக்கக் கைதட்டல் அவளைத் துரத்திக்கொண்டு வந்தது.

மறுநாள் வர வேண்டாம் என்று போனில் செய்தி வந்தது. வருவதாக அவளும் இல்லை.

அந்தத் தேர்தலில் கட்சி தலைவரைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனது. எழுதிக் கொடுத்தால் எதைப் படிப்பாரோ என்று பயந்து, பழைய பேச்சுகளை ஒட்டி ஒரு பதிவு செய்து அதை ஓடவிட்டார்கள். அவர் வண்டி மேல் நின்று வாயை அசைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் தெருவுக்கும் வண்டி வந்தது. அவளும் கணவனும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். பாதிப் பேச்சில் மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி செத்துவிட்டது. தலைவர் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கீழே இடி சளைக்காமல் கைதட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பதற்கென்றே ஜன்னலுக்கு வந்த கணவன் சிரிக்கவில்லை. "பாவம்ப்பா அந்த மனுஷன்" என்று திரையை இழுத்துவிட்டான்.

எதிர்க்கட்சி ஒரு பல் மருத்துவரை நிறுத்தியிருந்தது. அவருக்குப் பேச வராது, அரசியலும் தெரியாது. அமோகமாக ஜெயித்தார்.

தோற்ற மறுவாரமே கட்சிக்குள் எல்லோரும் தீர்க்கதரிசி ஆகிவிட்டார்கள். பொருளாளர் பத்திரிகையில், 'நான் அப்போதே சொன்னேன்' என்றார். இடியும், 'நான் அப்போதே சொன்னேன்' என்றார். துணை மேயர் அம்மாள், தான் சொல்ல வாயெடுத்தபோது தடுக்கப்பட்டதாகச் சொன்னாள். அப்போது சொன்னவர்கள் இத்தனை பேர் என்றால், கேட்டவர்தான் யார் என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் டைப் அக்கா வீட்டு வாசலில் நின்றார், கையில் இனிப்புப் பெட்டியோடு.

"அக்கா, அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்களே, வேற ஆளை நிறுத்தணும்ங்கற பேச்சு. அதுல ஒரு காப்பி இருக்குமா? என்னோடது எங்கயோ போயிடுச்சு. நான் எவ்வளவு உறுதியா இருந்தேன்னு நாலு பேருக்குக் காட்டணும்."

"அன்னைக்கே படிச்சிருக்கலாமே?"

"சூழ்நிலைக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

உள்ளேயிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "லிஃப்ட் விழுந்தப்புறம், நான் அப்பவே இறங்கலாம்னு நினைச்சேன்னு சொல்றவங்களா? அடிபட்டவனைக்கூடத் தாங்கலாம் சார், இந்த ரகத்தைத் தாங்க முடியாது."

"தரமுடியாதுங்க" என்றாள் அவள். "உங்க வீட்டுல குழந்தைங்க இருக்கு. இனிப்பையும் எடுத்துட்டுப் போங்க."

அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டு, கழுத்து வளைந்த மைக், எதிரே பயணிகள். பேருந்து தாமதமென்றால் தாமதம் என்று சொல்வாள். வராது என்றால் வராது என்று சொல்வாள். ஜனங்கள் கூண்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டட்டுமே. கைதட்டலைவிட அது காதுக்கு எவ்வளவோ தேவலை என்றாள் கணவனிடம்.

தலைவரைப் பார்க்க ஒருமுறை போனாள். வாசலில் காவல் இல்லை, காரும் இல்லை. மாப்பிள்ளை பல் மருத்துவரின் கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே யாருக்கு மாப்பிள்ளையாக இருக்கிறானோ, தெரியாது. அவன் போனதில் தலைவரின் மகளுக்கு அதிக வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "அப்பா இப்பத்தான் நல்லாத் தூங்கறாருக்கா. சாப்பாடும் இறங்குது" என்று சொல்லி, பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தேடல் ஓடியது. கிடைத்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"நான் ஒருநாள் போறேன்னு சொன்னேனே. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்கய்யா. நல்லாச் சொன்னீங்க."

"விட்டாங்களா?"

"விட்டாங்கய்யா."

"எப்ப?"

"தோத்தப்புறம்."

அவர் சிரித்தார். மேடையில் காட்டும் சிரிப்பில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, இருமலாகி, கண்ணில் நீர் முட்டி, கட்டிலே ஆடும் சிரிப்பு. மகள் தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தாள். "என்னக்கா சொன்னீங்க இவர்கிட்ட?" என்று கடிந்துகொண்டு, அவர் முதுகை நீவிவிட்டாள். டைப் அக்கா டம்ளரை வாங்கி அவர் வாயருகே பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு மிடறு குடித்தார், மறுபடி சிரித்தார், மறுபடி குடித்தார்.